இராவணன் கை

பொயிண்ட் குக்கில் சென்ற ஆண்டு நடந்த வயலின் அரங்கேற்றம் ஒன்றுக்கு நாம் வேலை செய்யும் உணவகத்திலிருந்துதான் சாப்பாடு போனது. பின்வரிசைக்கு அப்பால் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றபடி பிரதம விருந்தினரின் உரையைக் கேட்டோம். வயலின் வெள்ளைக்காரன் எமக்குத் தந்த வாத்தியம் என்பது பொய், அது இலங்கை வேந்தன் இராவணேஸ்வரன் கண்டுபிடித்தது, உலகமே வில் பிடிக்கக் கற்றது ஒரு தமிழ் மன்னனின் கையிலிருந்துதான் என்றார் அவர். மண்டபம் நிறைந்த கைதட்டல். எம்மவர் சபைகளில் இராவணனின் பெயருக்கு எப்போதும் கைதட்டல் உண்டு. ஊரையும் இழந்து, வந்த இடத்தில் வேற்று ஆளாகவும் நிற்பவர்களுக்கு ஒரு மன்னன் தேவைப்படுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? வரலாற்றுப் படிப்பை யாழ்ப்பாணத்தில் இரண்டாம் ஆண்டோடு விட்டுவிட்டுக் கடலேறியவர்கள் நாம். பட்டம் கிடைக்கவில்லை, கேள்வி கேட்கும் பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. திங்கட்கிழமை எமக்கு லீவு. ரயிலேறி நகரத்து நூலகத்துக்குப் போய்த் தேடியதில், இராவணனின் வயலின் திருகோணமலைக்குப் போகாமல் பாண்டிச்சேரிக்கும் பாரிசுக்கும் கொண்டுபோய் விட்டது.

பியர் சொனெரா என்ற பிரெஞ்சுப் பயணி 1782 இல் பாரிசில் தமது கீழைத்தேசப் பயண நூலை வெளியிட்டார். அதில், இராவணனின் பெயரைக் கொண்ட சின்னஞ்சிறு வில் வாத்தியம் ஒன்று பற்றிய குறிப்பு வருகிறது. அதை ஆக்கியவன் இலங்கை அரசன் என்ற ஐதிகத்தையும் அவர் சேர்த்து எழுதினார். எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளின் பின், 1856 இல், பெத்தீஸ் என்ற பெல்ஜிய இசையறிஞர் இத்தாலிய வயலின் சிற்பி ஸ்ராடிவாரியைப் பற்றி எழுதிய நூலில் அந்தக் குறிப்பைக் கையில் எடுத்து, ஐரோப்பாவின் வில் வாத்தியங்கள் எல்லாவற்றுக்கும் மூலம் இந்தியாவே என்று வாதிட்டார். அவர் பெரிய மனிதர். அவர் சொன்னது பல நூல்களுக்குள் புகுந்து, ஆங்கிலம் படித்த எமது முன்னோருக்கும் வந்து சேர்ந்தது. இராவணனின் வயலினை எமக்குத் தந்ததும் வெள்ளைக்காரன்தான் என்பதை அந்தப் பெரியவர் அறிந்தால் மனம் நோவார்.

பிற்கால ஆய்வாளர்களிற் பெரும்பாலோர் பெத்தீசின் கருத்தை ஏற்கவில்லை. நரம்பை வில்லால் உரசி ஒலி எழுப்பும் வழக்கத்துக்கு உறுதியான சான்றுகள் கி.பி. 10 ஆம் நூற்றாண்டளவில் மத்திய ஆசியாவிலேதான் தென்படுகின்றன. குதிரையோடு வாழ்ந்த மக்கள் குதிரைவால் மயிரை வில்லில் கட்டினார்கள் என்பது பொருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் வில் பாரசீகம், அரபு நாடுகள், பைசாந்தியம், ஸ்பெயின் என்று மேற்கே போனது. தெற்கே இந்தியாவுக்கும் வந்தது. மத்தியகாலச் சமஸ்கிருத இசை நூல்களில் 'இராவணஹஸ்தம்', அதாவது இராவணன் கை, என்ற பெயர் வருவது அதன் பிறகு. எமது சங்க இலக்கியத்தில் வரும் யாழ் விரலால் மீட்டப்படுவது. கம்பன் இராவணனுக்குக் கொடுத்த கொடியில் இருப்பது வீணை. திருஞானசம்பந்தர் தமது பதிகங்களின் எட்டாம் பாட்டில் வழக்கமாக இராவணனை நினைக்கிறார். கயிலையின் கீழ் நசுங்கிக் கிடந்தவன் பாடி அருள் பெற்ற கதை அது. தன் கை நரம்பையே உருவி இசைத்தான் என்பதும் எம்மிடையே வழங்குகிற கதைதான். நரம்பு எங்கும் உண்டு. வில் எங்கும் இல்லை.

சரி, மன்னனை விடுவோம். அவனது பெயர் கொண்ட அந்த வாத்தியம் இன்று யார் கையில் இருக்கிறது?

அது இராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கிறது. 'ராவண்ஹத்தா' என்பார்கள். தேங்காய்ச் சிரட்டை ஒன்றின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, மூங்கில் தண்டொன்றைச் செருகி, குதிரைமயிர்த் தந்தியும் கூடவே அதிர்வதற்கான கம்பித் தந்திகளும் பூட்டியிருப்பார்கள். வில்லின் நுனியில் சலங்கை. வில்லை அசைக்க அசைக்கத் தாளமும் தானாக விழும். தென்னையே வளராத மணற்காட்டில் சிரட்டை வாத்தியம் எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றுகிறது. கடலோரத்திலிருந்து கைமாறிக் கைமாறிப் போயிருக்கவேண்டும். இதை வாசிப்பவர்கள் போபா எனப்படும் நாடோடிப் பாடகர்கள். பாபூஜி என்ற வீரனின் கதை தீட்டிய நீண்ட துணித்திரையை விரித்துவைத்து, கணவன் வில் வாசித்துப் பாட, மனைவி விளக்கைப் பிடித்து அந்தந்தக் காட்சிக்கு வெளிச்சம் காட்டிக் கூடப் பாடுவாள். விடிய விடிய நடக்கும். எமது ஊர்க் கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இரவின் நீளம் விளங்கும்.

அந்தக் கதையில் ஒரு கட்டம் வருகிறது. பாபூஜி தன் அண்ணன் மகளின் கல்யாணச் சீதனத்துக்காகப் பெண் ஒட்டகங்கள் தேடிப் புறப்படுகிறான். எங்கே? இலங்கைக்கு! இராவணனைக் கொன்று ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வருகிறான். ஆக, இராவணனின் கை என்று பெயர் கொண்ட வாத்தியமே இராவணன் செத்த கதைக்குப் பின்னணி வாசிக்கிறது. யாழ்ப்பாணத்தில் யாரும் ஒட்டகம் வளர்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எங்கோ ஒரு பாலைவனத்துப் பாட்டில் எமது நாடு இப்படி நினைக்கப்படுவதை அறிந்தபோது குசினியில் தனியே நின்று சிரித்தோம்.

எமக்குக் கிட்டியதாகவும் ஒன்று உண்டு, கேரளத்தில். புள்ளுவர் என்ற சமூகத்தார் நாகக் காவுகளில் பாடும்போது உடும்புத்தோல் போர்த்திய ஒற்றைத் தந்தி வில் வாத்தியத்தை வாசிப்பார்கள். புள்ளுவன் வீணை என்பது அதன் பெயர். நாகதம்பிரானுக்குப் பால் வைக்கும் எமது வழக்கங்களுக்கும் அவர்களது பாட்டுகளுக்கும் உறவு இருக்கலாம் என்று நினைக்கத் தோன்றும். போபாக்களும் சரி புள்ளுவரும் சரி, சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்டவர்கள். வடஇந்தியாவில் சாரங்கி வாசித்தவர்களும் தாசிகளின் சபையில் பின்னால் நின்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள். பெயர் மன்னனுடையது. வில்லைப் பிடித்த கை அவனுடையதாக இருந்ததற்குச் சான்றில்லை. அரங்கேற்ற மேடைகளில் இராவணனைக் கொண்டாடுகிற எம்மவர், போபாவையோ புள்ளுவரையோ ஒரு நாளும் மேடையேற்றியதில்லை. நாதஸ்வரக்காரரைக் கோயில் வாசலில் வைத்துப் பார்த்த சமூகந்தானே நாம்.

இத்தனையும் படித்தபின்னும் ஒன்று விளங்காமல் இருந்தது. வயலின் வந்த இடத்தில் உள்ளூர் வில் வாத்தியத்துக்கு என்ன நடக்கும்? அதைச் சொல்லித் தந்தவர் எம்மோடு கோப்பை கழுவும் ஈரானியர்.

அவர் குர்திஷ் இனத்தவர். 2013 இல் படகில் வந்தவர். கிறிஸ்மஸ் தீவில் எம்மைப்போலவே இலக்கத்தால் அழைக்கப்பட்டவர். கடை பூட்டியபின் தரையைக் கழுவும்போது தமது கைத்தொலைபேசியில் ஒரு வாத்திய இசையைப் போட்டுவிடுவார். முதலில் அதை வயலின் என்றே நினைத்தோம். ஆனால் வயலினை விட மூக்கால் பேசுகிற, சற்றே அடைத்த, மனிதக் குரலுக்கு மிக அருகில் நிற்கிற ஒலி. ஒப்பாரி வைக்கும் கிழவியின் குரல் தொண்டையில் இடறுமே, அந்த இடறல் அதில் இருந்தது. 'கமாஞ்சே' என்றார். வாசிக்கும் முறையைக் காட்டச் சோற்று அகப்பையை எடுத்து முழங்காலில் நிமிர்த்தி வைத்தார். அகப்பையின் கிண்ணம் கீழே, காம்பு மேலே. வலது கையில் ஒரு நீளக் கரண்டி வில்லாக. வயலினில் ஒரு தந்தியிலிருந்து மற்றத் தந்திக்குப் போக வில்லைச் சாய்ப்பார்கள். அவரோ வில்லை ஒரே தளத்தில் வைத்துக்கொண்டு அகப்பையைத் திருப்பினார். வாத்தியந்தான் வில்லைத் தேடித் திரும்புகிறது. ஆள் ஒருவர் கூப்பிட்ட பக்கம் முகத்தைத் திருப்புவது போல.

பாரசீகத்தில் 'கமான்' என்றால் வில். 'கமாஞ்சே' என்றால் சிறிய வில். இந்தச் சொல் எமக்கு அந்நியமானதல்ல. தமிழில் வளைவுக்குக் கமான் என்ற பெயர் உண்டு. தமிழ்நாட்டு லொறிக்காரர்கள் வண்டியின் வளைந்த இரும்புப் பட்டைகளைக் கமான் பட்டை என்பார்கள். பாரசீகச் சொல் உருது வழியாக வந்து லொறிக்கு அடியில் குடியிருக்கிறது.

வாத்தியம் சின்னது. முசுக்கட்டை மரத்திலோ வாதுமை மரத்திலோ செய்த உருண்டைக் குடம். அதன் முகத்தில் ஆட்டுக்குட்டித் தோல், அல்லது மீன் தோல். உருண்டைக் கழுத்து. குடத்தின் அடியில் ஓர் இரும்பு முள். அந்த முள்ளை அச்சாக வைத்துத்தான் வாத்தியம் சுழல்கிறது. முன்பு பட்டு நூலில் 3 தந்திகள் இருந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலினைப் பார்த்து நான்காவது தந்தி சேர்ந்தது. இப்போது உலோகத் தந்திகள். வில்லின் மயிர் தளர்வாகத்தான் இருக்கும். வாசிப்பவர் தமது விரல்களை மயிருக்கும் தடிக்கும் இடையே கொடுத்து, வேண்டியபோது இறுக்கி, வேண்டியபோது தளர்த்துவார். ஒலியின் அழுத்தம் முழுவதும் அந்த விரல்களில் இருக்கிறது. எமது நண்பர் இதை விளக்கும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கழுவிய துணியைப் பிழிவது போலக் கையைக் காட்டினார்.

17 ஆம் நூற்றாண்டு இஸ்பஹான் அரண்மனைச் சுவரோவியங்களில், அரசனின் விருந்துக்கு வாசிப்பவர்கள் நடுவே கமாஞ்சேயும் இருக்கிறது. அரண்மனையில் மட்டுமில்லை. கல்யாண வீடுகளில் கூலிக்கு ஆடிப்பாடும் குழுக்களிடமும் அது இருந்தது. 'மொத்ரெப்' என்று இளக்காரமாக அழைக்கப்பட்ட அந்தக் கலைஞர்களில் யூதர்கள் பலர். மரியாதையான முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் தொடக்கூடாத தொழிலாக அது கருதப்பட்டது. இங்கேயும் அதே கதைதான்.

1868 இல் லெமேர் என்ற பிரெஞ்சுக்காரர் ஈரானிய அரச படையின் வாத்தியக் குழுவைப் பழக்குவதற்காகத் தெஹ்ரான் வந்தார். அந்த அரைநூற்றாண்டுக்குள் ஐரோப்பிய வாத்தியங்கள் தலைநகரில் பரவின. வயலினும் வந்தது. அதை முதலில் எடுத்துக் கையாண்டவர்கள் கமாஞ்சேக்காரர்களே. இடது கை விரல்களுக்கு ஏற்கனவே பழகிய வேலை. ஹுசைன் கான் இஸ்மாயில்சாதே என்ற கமாஞ்சே ஆசிரியரிடம் படித்தவர்களே ஈரானின் முதல் தலைமுறை வயலின் மேதைகளானார்கள். 1957 இல் இறந்த அபுல்ஹசன் சபா அவர்களில் தலையாயவர். 1940 இல் தெஹ்ரான் வானொலி தொடங்கியபோது அதற்கு வேண்டியிருந்தது வயலின். உரத்த ஒலி, நாகரிகத் தோற்றம், கூத்தாடிகளின் நாற்றம் ஒட்டாத பெயர். ஒரு தலைமுறைக்குள் கமாஞ்சே தலைநகரில் ஏறத்தாழ மறைந்தது. ஆசிரியர்களே தமது பிள்ளைகளுக்கு வயலினைக் கொடுத்தார்கள். ஓர் ஆக்கிரமிப்பாளனும் வந்து கமாஞ்சேயை உடைக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அதைக் கைவிடாதவர்களில் முக்கியமானவர் அலி அஸ்கர் பஹாரி. 1905 இல் பிறந்து 1995 இல் இறந்தவர். பாட்டனிடமிருந்து கற்றவர். எல்லோரும் வயலினுக்குப் போன காலத்தில் இந்த மனிதர் மறுபடி கமாஞ்சேயோடு வந்து வானொலியில் உட்கார்ந்தார். பிறகு மாணவர்களைச் சேர்த்தார். பழைய இசையைத் தேடும் இளைஞர் கூட்டம் ஒன்று அறுபதுகளின் பிற்பகுதியில் தெஹ்ரானில் உருவானபோது, கேட்டுப் படிக்க ஒரு கை உயிரோடு இருந்தது. 1979 புரட்சிக்குப் பின் மேற்கத்தியப் பெயர் கொண்ட வயலினுக்குச் செல்வாக்குக் குறைந்தது, கமாஞ்சேக்கு ஏறியது. ஆனாலும் ஈரானிய அரச தொலைக்காட்சி வாத்தியங்களைத் திரையில் காட்டுவதில்லை. இசை ஒலிக்கும்போது பூக்களையும் நீர்வீழ்ச்சிகளையும் காட்டுவார்கள். வாத்தியத்தின் முகத்தைப் பார்க்கத் தாம் புலம்பெயர வேண்டியிருந்தது என்று நண்பர் சொன்னார். அவர் பகிடியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

வடக்கே கொக்கேசியாவில் இதே வாத்தியம் 'கமாஞ்சா'. அங்கே அதன் பெயரோடு ஒட்டியிருப்பவர் சாயத் நோவா. 1712 இல் பிறந்த ஆர்மீனியர், திபிலிசியில் ஜோர்ஜிய மன்னனின் அரண்மனைக் கவி. ஆர்மீனியம், ஜோர்ஜியம், அசர்பைஜானியத் துருக்கியம் மூன்றிலும் பாட்டுக் கட்டியவர். தமது கமாஞ்சாவையே விளித்துப் பாடியிருக்கிறார். அரண்மனையிலிருந்து துரத்தப்பட்டுப் பின்னர் மதகுருவானார். 1795 இல் பாரசீகப் படை அந்நாட்டுக்குள் புகுந்தபோது கொல்லப்பட்டார். கமாஞ்சே பிறந்த நாட்டின் படைதான் கமாஞ்சாவின் கவியைக் கொன்றது. பரஜானோவ் 1969 இல் எடுத்த 'மாதுளையின் நிறம்' திரைப்படம் இவரைப் பற்றியது. பார்க்காத வாசகர்கள் தேடிப் பார்க்கலாம். கதை விளங்காது, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

அசர்பைஜானில் ஹபில் அலியெவ் (1927 - 2015) அந்த வாத்தியத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 2017 இல் ஈரானும் அசர்பைஜானும் சேர்ந்து கமாஞ்சேயைச் செய்யும் கலையையும் வாசிக்கும் கலையையும் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் பதிவு செய்தன. அந்தப் பதிவில் ஆர்மீனியா இல்லை. சாயத் நோவாவின் மக்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது எமக்குக் கடினமில்லை. கரபாக் மண்ணுக்காக இரு நாடுகளும் 1990களின் தொடக்கத்தில் போரிட்டபோது அசர்பைஜானியர் இலட்சக்கணக்கில் துரத்தப்பட்டார்கள். 2020 இல் மறுபடி போர். 2023 செப்டெம்பரில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் சில நாட்களுக்குள் கரபாக்கை விட்டு வெளியேறினார்கள். இரு பக்கத்து வீடுகளிலும் இதே வாத்தியம் இருந்தது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் கையில் கொண்டுபோகக்கூடியதோடு வெளியேற்றப்பட்டதை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி எமது வயலினுக்கு வருவோம். தெஹ்ரானில் நடந்ததற்கு நூறு ஆண்டுகள் முன்னரே சென்னையில் அதே கதை நடந்தது, அங்கேயும் வெள்ளைக்காரனின் வாத்தியக் குழுவிலிருந்துதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் 1786 இல் பிறந்தவர். கம்பெனியாரோடு தொழில் உறவு கொண்டிருந்த மணலி முதலியாரின் ஆதரவில் குடும்பம் மணலியில் இருந்த காலத்தில், கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு ஆசைப்பட்டு, ஓர் ஐரோப்பியரிடம் வயலின் படித்தார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தான வித்துவானானார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு திருவிதாங்கூருக்கு வயலினைக் கொண்டுபோனார். 1834 இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்கு யானைத்தந்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இவர்கள் செய்த பெரிய காரியம், வயலினை உட்கார வைத்தது. நின்றுகொண்டு தாடைக்குக் கீழே இடுக்கி வாசிக்கும் வாத்தியத்தைச் சம்மணமிட்டு அமர்ந்து, அதன் தலையை வலது காற்பாதத்தில் ஊன்றி, அடிப்பாகத்தை நெஞ்சில் சாய்த்தார்கள். வாத்தியத்தைத் தாங்கும் வேலையிலிருந்து இடது கை விடுதலை பெற்றது. அந்தக் கை தந்தி நீளத்துக்கும் வழுக்கிப் போய்வரலாம், கமகம் பேசலாம். தந்திகளின் சுருதியையும் ஸ-ப-ஸ-ப என்று மாற்றினார்கள். வயலினின் மரத்தில் எதுவும் மாறவில்லை. எமது நண்பருக்கு ஒரு கர்நாடக வயலின் கச்சேரியைப் போட்டுக் காட்டியபோது அவர் முதலில் பார்த்தது பாதத்தைத்தான். "இதைக் கமாஞ்சேயாக்கி விட்டீர்களே" என்றார்.

ஏன் யாழுக்கு இப்படி ஒன்று நடக்கவில்லை என்று கேட்கலாம். பெரியபுராணத்தில் விடை போல ஒரு சம்பவம் இருக்கிறது. சம்பந்தரோடு கூடச் சென்று பதிகங்களை யாழில் வாசித்துவந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று யாழுக்குள் அடங்கவில்லை. வெட்கி, யாழை உடைக்க ஓங்கினார் பாணர். சம்பந்தர் தடுத்தார். யாழ்முரி என்று அந்தப் பண்ணுக்குப் பெயர். ஒரு நரம்புக்கு ஒரு சுரம் என்றிருக்கும் வாத்தியத்தில், வளைந்து நெளியும் குரலைப் பின்தொடர முடியாது. யாழ் மறைந்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எமக்குத் தோன்றவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து 1947 இல் 'யாழ் நூ'லை வெளியிட்டு, அடுத்த மாதமே மறைந்தார். இறந்த வாத்தியத்தைக் கணக்கினால் எழுப்பிய நூல் அது. அதை வாசித்துக் காட்டத் தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு கை அவருக்குக் கிடைக்கவில்லை. பஹாரியைப்போல ஒருவர் எமது யாழுக்கு இருக்கவில்லை. யாழ் பாடி மணற்றிடலைப் பரிசாகப் பெற்றவனின் கதையில் எமது ஊருக்குப் பெயர் இருக்கிறது. அவன் மீட்டியது ஊரில் இல்லை.

ஈழத்தில் வயலினுக்கு இன்னொரு வாசலும் இருந்தது. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் தமது கல்யாண வீடுகளில் காஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்கு வயலின் வாசிப்பார்கள், கூடவே ரபானும். அச்சாரிகளாகவும் கொல்லர்களாகவும் உழைத்த மக்கள். அவர்களது வயலினை எமது சங்கீத சபைகள் இசைக்கணக்கில் சேர்த்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இராவணனுக்கு இப்போது உரிமை கோருகிறவர்கள் கூடிவிட்டார்கள். திராவிட இயக்கம் அவனைத் தமிழனாக்கியது. புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946 இல் வெளிவந்து, 1948 இல் தடைசெய்யப்பட்டு, 1971 இல்தான் விடுவிக்கப்பட்டது. இன்று சிங்களப் பௌத்த தேசியவாதிகள் அவனைத் தம் மூதாதை என்கிறார்கள். 'இராவண பலய' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 2019 இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய சிறு செயற்கைக்கோளின் பெயர் 'இராவணா-1'. இந்த ஆரவாரத்துக்கு நடுவே ஒரு காரியம் நடந்திருக்கிறது. சிங்கள இசையமைப்பாளர் தினேஷ் சுபசிங்க இராவணஹத்தாவைக் கையிலெடுத்து, தமது இசைத்தொகுப்புகளிலும் மேடைகளிலும் வாசித்து வருகிறார். அவர் சொல்லும் வரலாற்றை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் அவர் வாசிக்கிறார். கைதட்டுகிற எமது மண்டபத்தில் அந்த வாத்தியத்தைக் கண்ணால் கண்டவர்கள் எத்தனை பேர்? பொயிண்ட் குக்கில் சனிக்கிழமை காலைகளில் வயலின் பெட்டியோடு வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளிடம் இராவணன் கதையைச் சொல்வதைவிடப் பாலுசுவாமி கதையைச் சொல்லலாம் என்பது எமது அபிப்பிராயம். பிறருடைய வாத்தியத்தை எடுத்து, தன் காலடியில் அமர்த்தி, தன் பேச்சைப் பேசவைத்தவர் கதை அது. இந்த நாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அதுதான் உதவும்.

கமாஞ்சேயின் கதையும் இந்த நாடு வரை வந்திருக்கிறது. இன்று உலகறிந்த கமாஞ்சேக் கலைஞர் கைஹான் கல்ஹோர். 1963 இல் பிறந்த குர்திஷ்காரர். 17 வயதில் வாத்தியத்தோடு ஈரானை விட்டுப் புறப்பட்டு, ரோமிலும் கனடாவிலும் படித்தவர். ஈரான்-ஈராக் போரில் ஏவுகணை விழுந்து குடும்பத்தை இழந்தவர். சித்தார்க் கலைஞர் ஷுஜாத் ஹுசைன் கானோடு சேர்ந்து 'கஸல்' என்ற பெயரில் அவர் வாசித்த இசைத்தட்டுகளில், பாரசீக இசையும் இந்துஸ்தானியும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் போலக் கதைக்கும். அவர் கமாஞ்சேயோடு 'ஷா கமான்' என்ற, சற்றே ஆழ்ந்த குரல் கொண்ட வில் வாத்தியம் ஒன்றையும் வாசிக்கிறார். அதை அவருக்குச் செய்து கொடுத்தவர் பீற்றர் பிஃபின் என்ற அவுஸ்திரேலிய வாத்தியச் சிற்பி.

இதை நண்பரிடம் சொன்னபோது அவருக்கு நம்பமுடியவில்லை. கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, விலை என்ன இருக்கும் என்று கேட்டார். தமது கமாஞ்சே கெர்மான்ஷாவில் தாயின் அலுமாரிக்கு மேலே துணி சுற்றி இருக்கிறது என்று அன்றுதான் சொன்னார். தோல் காய்ந்து வெடித்திருக்கும். தாயை அழைக்கும் விண்ணப்பத்துக்குக் காசு சேர்க்கிறார். அவருக்கு 2023 இல் நிரந்தர வீசாவுக்கான வழி திறந்தது, எமது கோவை இன்னும் கிடக்கிறது. தாய் வரும்போது வாத்தியத்தையும் மடியில் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். விமானத்தில் அந்த இரும்பு முள்ளை அனுமதிப்பார்களா என்று எம்மிடம் கேட்டார். முள்ளைக் கழற்றிப் பெட்டியில் போடலாம் என்றோம்.